தவிடு, திப்பி, பிண்ணாக்கு: ஈமு வந்து போன கதை

ஈமு என்று சொன்னால் சென்னை, பெங்களூர்ப் பக்கம் இருக்கிற நண்பர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நடிகர்கள் வந்த டிவி விளம்பரமும், அதற்குப் பின்னால் வந்த போலீஸ் வழக்கும்தான். பணம் போன கதையைப் பேப்பர்க்காரர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். அந்தப் பறவை என்ன தின்றது, அந்தத் தீனி எங்கிருந்து வந்தது என்று எழுதியவர்கள் குறைவு. பண்ணையம் பார்க்கிறவனுக்கு அதுதான் முதல் கேள்வி. எந்தப் பிராணி வாசலுக்கு வந்தாலும், "இதுக்கு என்னங்க போடறது?" என்றுதான் கேட்போம். ஈமு கதையை அந்தப் பக்கமிருந்து பார்த்தால் வேறு சில விஷயங்கள் தெரிகின்றன. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் எதுவும் கழிவு இல்லை

முதலில் எங்கள் கட்டுத்தரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அரிசி, எண்ணெய், ஜவ்வரிசி எல்லாம் நகரத்துக்கு வந்துவிடும். அதை எடுத்த பிறகு மிஞ்சுவது இங்கேயே இருக்கும். நெல் அரைத்தால் உமி, தவிடு, குருணை. கடலை ஆட்டினால் பிண்ணாக்கு. உளுந்து உடைத்தால் பொட்டு. கடலை பிடுங்கினால் கொடி. அரிசி கழுவினால் கழனித் தண்ணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் காத்திருக்கும். தவிடும் பிண்ணாக்கும் கறவை மாட்டுத் தாளிக்கு, கடலைக்கொடி எருதுக்கு, குருணை கோழிக்கு. பருத்திக்கொட்டையை ஆட்டுக்கல்லில் ஆட்டிப் பாலெடுத்து மாட்டுக்கு ஊற்றிய காலம் உண்டு.

ஊரில் செக்கு இருந்தவரை இந்தக் கணக்கு ஊருக்குள்ளேயே முடிந்துவிட்டது. கடலை கொண்டுபோனவர் எண்ணெயோடு பிண்ணாக்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு காங்கயம், வெள்ளகோயில் பக்கம் பெரிய எண்ணெய் ஆலைகளும் அரிசி ஆலைகளும் வந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு மாவு வரத்து நின்றபோது சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிடித்துக்கொண்டது. 1981-ல் அதற்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே வந்தது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவுப்பால் எடுத்த பின் மிஞ்சுகிற சக்கைக்குப் பெயர் திப்பி. அதுவும் மாட்டுத் தீனியானது.

தவிட்டுக்கும் ஒரு மாற்றம் வந்தது. பச்சைத் தவிட்டில் எண்ணெய் இருக்கும். அரைத்த சில நாளிலேயே அது காறிப்போகும், மாடு மோந்து பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். கரைப்பான் ஆலைகள் வந்து அந்த எண்ணெயைத் தனியாக எடுத்து விற்க ஆரம்பித்தன. எண்ணெய் எடுத்த தவிடு மாசக்கணக்கில் கெடாது. கெடாத பொருள் லாரி ஏறும், லாரி ஏறுகிற பொருளுக்கு வெளியூர் விலை வந்துவிடும். நாமக்கல், பல்லடம், உடுமலைப் பக்கம் கோழிப்பண்ணைகள் வளர்ந்ததும் தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் மாட்டோடு கோழியும் பங்காளியாகிவிட்டது. மத்தியப் பிரதேசத்து சோயா பிண்ணாக்கும் கர்நாடகத்து மக்காச்சோளமும் இங்கே லோடு லோடாக இறங்கின. ஈமு வந்து சேர்ந்தது இந்தச் சந்தைக்குள்தான்.

அது பிறந்த மண்ணில்

ஆஸ்திரேலியாவில் ஈமு காட்டுப் பறவை. ஆறடி உயரம், 40 முதல் 60 கிலோ எடை வரும். பறக்காது, ஆனால் மழை பெய்த திசையைத் தேடி நூற்றுக்கணக்கான மைல் நடக்கும். அங்கே அது தின்பது விதை, பழம், பூ, இளந்தளிர், கூடவே வெட்டுக்கிளி, கம்பளிப்புழு. காய்ந்த புல்லையும் முற்றிய இலையையும் தொடாது. சத்து எங்கே திரண்டிருக்கிறதோ அதை மட்டும் கொத்தித் தின்கிற ஜாதி. அரைப்பதற்குப் பல் இல்லாததால் கூழாங்கல்லை விழுங்கி வைத்துக்கொள்ளும்.

இப்படித் தேர்ந்து தின்கிற பறவை கோதுமை வயலைப் பார்த்தால் விடுமா? முதல் உலகப் போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலம் கொடுத்துக் கோதுமை போடச் சொன்னார்கள். 1932-ல் கேம்பியன் பக்கத்து வயல்களில் சுமார் 20,000 ஈமுக்கள் இறங்கின. விவசாயிகள் கேட்டு, மேஜர் மெரிடித் தலைமையில் இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியும் 10,000 ரவையும் அனுப்பினார்கள். பறவைகள் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து ஓடிவிட்டன, ராணுவம் வெறுங்கையாகத் திரும்பியது. 'ஈமு போர்' என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கோதுமை போட்டவனுக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்திருக்காது. எங்கள் பக்கம் மயிலும் காட்டுப்பன்றியும் படுத்துகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1970-களில் அதே மேற்கு ஆஸ்திரேலியாவில் அதைப் பண்ணையில் வளர்க்கத் தொடங்கினார்கள். கறி, தோல், இறகு, முதுகுக் கொழுப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் பயன் சொன்னார்கள். அப்போது வந்த கேள்வி தீனிதான். ஈமுவின் குடல் நெருப்புக்கோழியின் குடல் மாதிரி நீளமானது இல்லை. உள்ளே போனது சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஆனாலும் நார்ச்சத்தில் ஒரு கணிசமான பங்கை அது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நொதிக்கவைத்துச் செரிக்கிறது என்று 1984-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பண்ணைக்காரர்களுக்கு இது நல்ல சேதி. கோழிக்குப் போடுவதைவிடத் தவிடும் குதிரைமசாலும் கூடுதலாகச் சேர்த்துச் செலவைக் குறைக்கலாம்.

கோழித் தீவனத்தின் தம்பி

இந்தியாவுக்கு ஈமு வந்தது 1990-களின் பிற்பகுதியில். முதலில் ஆந்திரா, பிறகு மகாராஷ்டிரம், தமிழ்நாடு. இங்கே அதற்கென்று தனித் தீவனம் பரம்பரையாகக் கிடையாது. கோழித் தீவனம் தெரிந்தவர்கள் அந்தக் கணக்கையே கொஞ்சம் மாற்றிப் போட்டார்கள். வேளாண்மைக் கையேடுகளில் வந்த கலவையைப் பார்த்தால், 100 கிலோவில் ஏறக்குறையப் பாதி மக்காச்சோளம், கால் பங்கு சோயா பிண்ணாக்கு, மீதியில் எண்ணெய் எடுத்த தவிடும் சூரியகாந்திப் பிண்ணாக்கும், கடைசியில் உப்பு, தாது உப்பு, கிளிஞ்சல். குஞ்சுக்குப் புரதம் 20 சதவீதம், வளர வளரக் குறைத்து, முட்டை விடுகிற காலத்தில் மறுபடியும் கூட்டவேண்டும்.

இதில் மிச்சப் பொருள் எது, முதல் பொருள் எது என்று பாருங்கள். பிண்ணாக்கும் தவிடும் ஆலையில் மிஞ்சியவை. பாதியாக இருக்கிற மக்காச்சோளம் வயலில் விளைந்த தானியம். "கண்டதையும் தின்னும், செலவே இல்லை" என்று கூட்டம் போட்டுச் சொன்னவர்கள் இந்தப் பாதியைச் சொல்லவில்லை.

மிச்சப் பொருளிலும் எல்லாம் எல்லா வாய்க்கும் ஆகாது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் காசிபோல் என்று ஒரு நச்சு உண்டு. வளர்ந்த மாட்டுக்கு அசைபோடும் வயிறு இருப்பதால் அளவாகக் கொடுத்தால் தாங்கும். பறவைக்கு அந்த வசதி இல்லை. திப்பியில் மாவு மிச்சம் இருக்குமே தவிரப் புரதம் பெயருக்குத்தான். ஈரத்தோடு குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தவிட்டில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பங்கு பறவை உடம்பில் சேராது. அதைத் தாது உப்பாகத் தனியே போடாவிட்டால் கால் வளையும். ஈமுவுக்குக் கால் போனால் எல்லாம் போச்சு.

கடலைப் பிண்ணாக்கின் கதை இன்னும் பெரிது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை. அதிலிருந்துதான் அஃப்ளாடாக்சின் என்ற பெயரே உலகத்துக்குத் தெரிந்தது. மழையில் நனைந்த கடலையைச் சரியாகக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்பது எங்கள் ஆத்தாமார்களுக்கு அந்தப் பெயர் தெரியாமலே தெரியும். "பூசணம் புடிச்சதக் கோழிக்குப் போடாதடா" என்பார்கள்.

கணக்கு இங்கேதான் இடித்தது

ஈமுவை நம்பிக் கவிழ்ந்த முதல் ஊர் பெருந்துறை இல்லை. அமெரிக்காவில், முக்கியமாக டெக்சாஸ் பக்கம், 1990-களின் முதல் பாதியில் இதே கூத்து நடந்தது. ஒரு ஜோடி பறவை பல ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. வாங்கியவர்கள் பெரும்பாலும் கறி விற்பதற்கு வாங்கவில்லை. குஞ்சு பொரித்து அடுத்த ஆளுக்கு விற்பதற்காக வாங்கினார்கள். அடுத்த ஆள் தீர்ந்துபோனதும் விலை விழுந்தது. தீனிக்குப் பணமில்லாமல் பலர் பறவைகளை அவிழ்த்துவிட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே கதை ஈரோட்டுப் பக்கம் வந்தது. அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட திட்டம் இது: ஒன்றரை லட்ச ரூபாய் கட்டினால் 6 குஞ்சுகள் தருவார்கள். கொட்டகை, தீவனம், வைத்தியம் எல்லாம் கம்பெனி பொறுப்பு. வளர்ப்புக் கூலி மாதம் 6,000 ரூபாய், வருடத்துக்கு 20,000 போனஸ். வளர்க்க இடமில்லாத நகரத்துக்காரர்களுக்குப் பணம் மட்டும் கட்டும் திட்டமும் இருந்தது. திருப்பூரில் வேலை பார்க்கிறவர், ரிட்டயர்டு வாத்தியார், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தவர் என்று எல்லோரும் கட்டினார்கள்.

இப்போது தீவனக் கணக்கைப் போடுவோம். வளர்ந்த ஒரு ஜோடி வருடத்துக்குச் சராசரியாக 527 கிலோ தின்னும் என்று கையேடுகளில் இருக்கிறது. பறவைக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று ஜோடிக்கு வருடம் 1,581 கிலோ. கிலோ 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 23,700 ரூபாய். இதோடு கம்பெனி கொடுக்கும் கூலி 72,000, போனஸ் 20,000. ஆக 6 பறவைக்காக ஒரு கம்பெனி வருடத்துக்கு 1,15,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கவேண்டும்.

அந்த 6 பறவை என்ன கொடுக்கும்? முதல் முட்டைக்கே ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். அதுவும் வருடம் முழுக்க இல்லை, அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரைக்கும்தான். முதல் பருவத்தில் ஒரு ஜோடிக்குப் பதினைந்து முட்டை வந்தால் நல்லது. எண்ணெய் வேண்டுமென்றால் பறவையையே அறுக்கவேண்டும், ஒன்றுக்கு நாலைந்து லிட்டர் தேறும். கறி கேட்டு எந்தச் சந்தையிலும் ஆள் நிற்கவில்லை. அப்படியென்றால் மாதாமாதம் வந்த 6,000 எங்கிருந்து வந்தது? அடுத்துக் கட்டினவரின் ஒன்றரை லட்சத்திலிருந்து. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். தீவன மூட்டையை எண்ணத் தெரிந்தால் போதும்.

எங்கள் பெரியப்பாவுக்கு அது தெரியும். தோட்டத்தில் வேலி போட ஆள் கூட்டிக்கொண்டு வந்த உறவுக்காரப் பையனிடம் அவர் கேட்டது இரண்டே கேள்வி. "ஏன் மாப்ள, கம்பெனி வாங்கலீன்னா இத எந்தச் சந்தைக்குப் புடிச்சுட்டுப் போவீங்க?" பையன் சொன்னான், "அதெல்லாம் அக்ரிமெண்ட்ல இருக்குதுங்க மாமா." "செரி. தீவனம் வல்லீன்னா?" அதற்கு அவனிடம் பதில் இல்லை. வேலியும் நிற்கவில்லை, அன்றைக்கே கம்பி கட்டினார்கள். மாதச் சம்பளம் மாதிரி பணம் வருகிற வீட்டில் இந்த மாதிரிப் பேச்சு எடுபடாது. தண்ணி இல்லாமல், ஆள் கிடைக்காமல் பண்ணையம் நொடித்துக்கொண்டிருந்த நேரம் அது. 6,000 ரூபாய் என்பது ஒரு குடும்பம் நிமிர்ந்து உட்காருகிற காசு. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தீவன லாரி நின்ற மாசம்

2012 கெட்ட வருஷம். அமெரிக்காவில் பெரும் வறட்சி, மக்காச்சோளமும் சோயாவும் உலகச் சந்தையில் எகிறின. தமிழ்நாட்டிலும் மழை பொய்த்தது, மாட்டுக்கே தீனி தட்டுப்பாடு. அந்த ஆகஸ்டில் பெருந்துறை சுசி ஈமு பார்ம்ஸ் மூடப்பட்டது. அடுத்தடுத்து மற்றக் கம்பெனிகளும் கதவைச் சாத்தின. 1997-ம் வருடத்து முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குகள் பதிவாயின. சுசி உரிமையாளருக்குப் பின்னாளில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

பணம் கட்டினவர்கள் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வரிசையில் நின்றார்கள். பறவை எந்த வரிசையில் நிற்கும்? கம்பிவேலிக்குள் நின்றுகொண்டு லாரிச் சத்தம் கேட்டால் ஓடிவரும். கைவிடப்பட்ட பண்ணைகளில் கால்நடைத்துறை மூலமாகத் தீவனம் போட அரசே ஏற்பாடு செய்யவேண்டி வந்தது. தனித்தனித் தோட்டங்களில் இருந்ததை அவரவர்தான் பார்க்கவேண்டும்.

அப்போதுதான் மிச்சப் பொருள் தீவனம் என்பதை ஊர் உண்மையாகவே சோதித்துப் பார்த்தது. சந்தையில் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலை, அழுகல் தக்காளி, ரேஷன் அரிசிச் சோறு, திப்பி, மில் குருணை என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டார்கள். ஈமு தின்றது. தின்றாலும் தேறவில்லை. இலையில் தண்ணீர்தான் அதிகம், சோற்றிலும் திப்பியிலும் புரதம் இல்லை. கலவைத் தீவனத்துக்குப் பழகிய குடலுக்கு ஒரே நாளில் தீனி மாறினால் கழிச்சல் கண்டுவிடும். முதுகுக் கொழுப்பு கரைந்து, நெஞ்சுக்கூடு தெரிய நின்ற பறவைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த முதுகுக் கொழுப்புதான் எண்ணெய், அந்த எண்ணெயைச் சொல்லித்தான் ஒன்றரை லட்சம் வாங்கினார்கள்.

பக்கத்துத் தோட்டத்து ஆத்தா ஒருவர் இரண்டு பறவைகளை நெடுநாள் வைத்திருந்தார். தன் ஒற்றை எருமைக்கு வாங்கிய தவிட்டிலிருந்து தினமும் இரண்டு படி எடுத்துக் கழனித் தண்ணியில் பிசைந்து வைப்பார். "அதும் வாயில்லா சீவந்தானுங் கண்ணு, அது என்ன அக்ரிமெண்ட்டா போட்டுச்சு?" என்றார். எருமைப் பால் குறைந்தது. சொசைட்டியில் ஊற்றுகிற பால் குறைந்தால் வாரக் காசும் குறையும். ஈமு கணக்கில் எந்த வழக்கிலும் சேராத நஷ்டம் இது. அந்த மாதிரி எத்தனை எருமையின் தவிடு போயிருக்கும் என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை.

மிச்சம் யாருடையது

ஈமு மேல் எனக்குக் கோபம் இல்லை. அதிலும் சேவல் ஈமு பாவப்பட்ட ஜென்மம். எட்டு வாரம் கிட்டத்தட்டப் பட்டினி கிடந்து அதுதான் அடைகாக்கும். தவிடும் குதிரைமசாலும் சேர்த்துச் செலவைக் குறைத்து வளர்க்கலாம் என்பதும் பொய் இல்லை. கறிக்கோ எண்ணெய்க்கோ நிஜமாகவே வாங்குகிற ஆள் இருக்கிற நாட்டில் அந்தக் கணக்கு செல்லும்.

இங்கே செல்லாமல் போனதற்குக் காரணம், ஆலையில் மிஞ்சினதை வெறுமனே கிடக்கிற பொருள் என்று நினைத்ததுதான். தவிட்டுக்கு ஏற்கெனவே மாடு இருக்கிறது, கோழி இருக்கிறது. புதிதாக ஒரு வாய் வந்தால் பழைய வாய் ஒன்று விலை கூடக் கொடுக்கவேண்டும், இல்லை, குறைத்துத் தின்னவேண்டும். மாடு காலையில் தின்ற தவிட்டுக்குச் சாயங்காலம் பால் கொடுக்கும், கூடவே சாணி. கோழி மறுநாள் முட்டை வைக்கும். இரண்டு வருடம் வெறுமனே தின்றுவிட்டு, அதற்குப் பிறகும் சந்தை இல்லாத ஒன்றுக்குத் தவிடு போட ஒருவரால்தான் முடியும். அடுத்தவர் பணத்தில் போடுகிறவர்.

நகரத்திலிருந்து மாட்டுப் பண்ணை, காடை, தேக்கு, அது இது என்று பணம் போடச் சொல்லி உங்களுக்கும் அழைப்பு வரும். பணம் போடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். அது என்ன தின்னும், அந்தத் தீனியை இப்போது யார் தின்கிறார்கள், அந்தக் கம்பெனி இல்லாவிட்டால் எந்தச் சந்தையில் அது விலைபோகும். மூன்றாவதுக்கு ஊர்ப்பெயரும் கிழமையும் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் பக்கம் ஈமு வேலிகளில் இப்போது வெள்ளாடு நிற்கிறது. ஆறடி உயரத்துக்கு அடித்த கம்பிவலை என்பதால் நாய் தாண்டாது, நல்ல தோதாக இருக்கிறது. ஆட்டை வியாழக்கிழமை சந்தைக்குப் பிடித்துப் போனால் மத்தியானத்துக்குள் காசாகிவிடும்.